பயப்படுகிற நாளில் செய்ய வேண்டியவை: விசுவாசத்திற்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவர் கோப்பை மூடிவிட்டு, "அறுவைச் சிகிச்சை செய்தே ஆக வேண்டும், வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்" என்று சொன்ன நேரத்திலிருந்து ஒரு குடும்பத்தில் இரண்டு வேலைகள் ஒருசேரத் தொடங்குகின்றன. பணத்துக்கும் இரத்தத்துக்கும் அலுவலக விடுப்புக்கும் அலைவது ஒன்று. வெளியே சொல்ல முடியாத அச்சத்தோடு உள்ளுக்குள் போராடுவது மற்றொன்று. முதல் வேலைக்குக் கைகொடுக்க உறவினரும் நண்பரும் வருவார்கள். இரண்டாவதில் மனிதர் பெரும்பாலும் தனியாகவே விடப்படுகிறார். அண்மையில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு சபைக்குப் போகத் தொடங்கியிருப்பவருக்கு இதோடு இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது: "விசுவாசத்துக்குள் வந்த பிறகும் ஏன் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது? நான் உண்மையில் விசுவாசிக்கவே இல்லையோ?" என்கிற கேள்வி அது.

அப்படிப்பட்டவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கடன், வேலையிழப்பு, வழக்கு என்று நெருக்கடிகள் பலவாக இருந்தாலும், மருத்துவமனையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் என் தந்தையின் இருதய அறுவைச் சிகிச்சையின்போது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கழித்த பதினோரு இரவுகளில்தான், என் தாயாரைப் பார்த்துப் பார்த்து, இங்கே சொல்லப்போகிறவற்றை நான் கற்றுக்கொண்டேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தருகிறேன். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்று அழைப்பவற்றையே இங்கே சங்கீதங்கள் என்று குறிப்பிடுகிறேன்.

பயம் வந்ததற்காக வெட்கப்பட வேண்டாம்

முதலில் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அது சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." ஐந்தே சொற்களுக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியது, ஆனால் அது பாடப்பட்ட சூழ்நிலையை அறிந்தால்தான் அதன் கனம் புரியும்.

அந்தச் சங்கீதத்தின் தலைப்பு, பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது அவன் பாடியது என்று சொல்கிறது. அந்த நிகழ்ச்சியை 1 சாமுவேல் 21-ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். சவுல் அரசன் கொல்லத் தேடுகிறான் என்பதால் ஓடிய தாவீது, வழியில் நோபு என்ற இடத்தில் ஆசாரியனிடம் ஆயுதம் கேட்டு, தான் முன்பு வீழ்த்திய கோலியாத்தின் பட்டயத்தையே பெற்றுக்கொண்டு, அங்கிருந்து நேராகக் காத் ஊருக்குப் போகிறான். காத் என்பது கோலியாத்தின் சொந்த ஊர். அவ்வூர் அரசனான ஆகீசின் ஊழியக்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டபோது அவன் மிகவும் பயந்தான் என்று வேதம் ஒளிக்காமல் எழுதுகிறது. அங்கே அவன் பித்தங்கொண்டவனைப் போல நடித்து, வாசற்கதவுகளில் கீறி, வாயிலிருந்து நுரையைத் தாடியில் வடியவிட்டுத்தான் உயிர் பிழைத்தான். இராட்சதனை எதிர்கொண்ட அதே மனிதன்தான் இவன்.

அந்த மனிதனின் வாயிலிருந்து வந்த சங்கீதத்தில், பயப்படுகிற நாளும் நம்புகிற நாளும் ஒரே நாளாக இருக்கின்றன. பயம் முழுவதும் தீர்ந்த பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. அடுத்த வசனத்தில்தான் "நான் பயப்படேன்" என்று வருகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, முதலில் பயத்தை விரட்டிவிட்டுப் பிறகு தேவனிடம் போகலாம் என்று காத்திருந்து களைத்துப்போகிறார்கள். கை நடுங்கும்போதே போகலாம். நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

இதே சங்கீதத்தின் 8-ஆம் வசனத்தில், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று தாவீது வேண்டுகிறான். துருத்தி என்றால் தண்ணீரோ திராட்சரசமோ ஊற்றி வைக்கும் தோல்பை. வறண்ட நிலத்தில் அலைகிறவனுக்கு அதில் இருக்கும் ஒவ்வொரு துளியும் கணக்கு. மருத்துவமனைக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு யாருக்கும் கேட்காமல் அழுகிறவர்கள் இந்த வசனத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளலாம்.

காகிதத்தை விரித்து வையுங்கள்

அடுத்தபடியாக, உங்களை அச்சுறுத்துவது எது என்பதை அதன் பெயரைச் சொல்லித் தேவனிடம் வைக்க வேண்டும். "ஆண்டவரே, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்ற பொதுவான ஜெபம் தவறன்று. ஆனால் பயம் எப்போதும் குறிப்பானது, ஆகவே ஜெபமும் குறிப்பாக இருந்தால்தான் அதைத் தொடும்.

இதற்கு எசேக்கியா அரசனிடம் கற்கலாம். கி.மு. 701-இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்துக்கொண்டு எருசலேமை மிரட்டினான். எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல அடைத்து வைத்தேன் என்று அவன் களிமண் பட்டயத்தில் பொறித்து வைத்தது இன்றும் கிடைக்கிறது. அந்த நெருக்கடியில் மிரட்டல் நிருபம் ஒன்று எசேக்கியாவின் கைக்கு வந்தது. அவன் அதை வாசித்தான். பிறகு ஆலயத்துக்குப் போய், "அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து" ஜெபித்தான் என்று 2 இராஜாக்கள் 19:14 சொல்கிறது. இதில் நான் மிகவும் மதிப்பது இரண்டு செயல்களை. ஒன்று, அவன் நிருபத்தை வாசித்தான். வாசிக்காமல் மூலையில் போடவில்லை. மற்றொன்று, அசீரியர் பல தேசங்களை அழித்தது உண்மைதான் என்பதைத் தன் ஜெபத்திலேயே ஒப்புக்கொண்டான். உண்மையை மறைத்துப் பேசினால்தான் விசுவாசம் என்று அவன் நினைக்கவில்லை. நோயின் பெயரை வாயால் சொல்வதே அவிசுவாசம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்த அதிகாரத்தை எடுத்து அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்.

இதை நடைமுறையில் செய்வது எளிது. ஸ்கேன் ரிப்போர்ட், மருத்துவமனை கொடுத்த எஸ்டிமேட், வங்கியின் கடிதம் என்று எது உங்களைத் தூங்கவிடாமல் வைக்கிறதோ அதைக் கட்டிலின்மேலோ மேசையின்மேலோ விரித்து வைத்துவிட்டு, அதன் முன் உட்காருங்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கத்தில் மருத்துவர் உண்மையில் சொன்னதை எழுதுங்கள். மறுபக்கத்தில் உங்கள் மனம் அதோடு சேர்த்துக்கொண்டதை எழுதுங்கள். என் தந்தைக்கு மூன்று இரத்தக்குழாய்களில் அடைப்பு என்பது முதல் பக்கம். மறுபக்கத்தில் நான் எழுதியவை: அறுவை அரங்கிலேயே போய்விடுவார், தங்கையின் திருமணம் நின்றுபோகும், வீட்டை விற்க நேரும், அம்மா தாங்கமாட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இதைத்தான். இரண்டு பக்கங்களையும் தேவனிடம் வாசித்துக் காட்டலாம். முதல் பக்கத்தில் உள்ளதற்குப் பெலனும் ஞானமும் கேட்க வேண்டும். இரண்டாவது பக்கத்தில் உள்ளவை இன்னும் நடக்கவில்லை. அவற்றை, "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று பேதுரு எழுதியபடி, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அவர்மேல் வைக்க வேண்டும். அவை திரும்பி வரும். மறுநாள் மறுபடியும் வைக்க வேண்டும்.

சாப்பிடுங்கள், தூங்குங்கள்

ஆவிக்குரிய ஆலோசனைகளுக்கு நடுவில் இது என்ன என்று தோன்றலாம். எலியாவின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட அந்தத் தீர்க்கதரிசி, யேசபேல் அரசியின் ஒரு மிரட்டலைக் கேட்டதும் பெயெர்செபாவரை ஓடி, அங்கிருந்து வனாந்தரத்தில் ஒருநாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தான் சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வந்தன. சாப்பிட்டான், தூங்கினான். தூதன் மறுபடியும் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். பேச்சு அதற்கு வெகுநாள் கழித்துத்தான்.

இரண்டு வேளை சாப்பிடாமல், தொடர்ந்து விழித்திருந்து, தேநீர் மட்டும் குடித்துக்கொண்டிருக்கும் உடம்புக்கு எல்லாச் செய்தியும் மரணச் செய்தியாகவே கேட்கும். ஆகவே மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்கள் முறை வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். உபவாச ஜெபம் நல்லதே; ஆனால் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர், அதிலும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர், அந்த நாட்களில் உபவாசிக்காமல் சபையில் உள்ள மற்றவரை உபவாசிக்கச் சொல்லலாம். படுக்கப் போகும்போது சங்கீதம் 121:4-ஐச் சொல்லிக்கொள்ளுங்கள்: "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை." அவர் விழித்திருக்கிறார் என்றால் அந்த இரவில் நீங்களும் விழித்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதல் மூன்று இரவுகள் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்த என்னிடம் அம்மா இந்த வசனத்தைச் சொல்லித்தான் பாயை விரித்துக் கொடுத்தார்.

சங்கீதத்தை வாயில் எடுத்துக்கொள்ளுதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஜெபிக்க உட்காருகிறார்கள், வார்த்தை வருவதில்லை. அருகில் ஒருவர் அருவிபோல ஜெபிப்பதைக் கேட்டதும் இன்னும் கூச்சமாகிவிடுகிறது. இதற்காகவே சங்கீதங்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவை மனிதர் தேவனிடம் பேசிய சொற்கள். ஆகவே அவற்றை வாசிப்பதே ஜெபமாகிவிடும். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். துக்கத்தில் இருக்கிறவனுக்குத் துதிப்பாடல் மட்டுமே கொடுக்கப்படவில்லை.

எப்படித் தொடங்குவது? ஒரு சங்கீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உட்காரலில் பத்தை ஓட்ட வேண்டாம். மற்றவருக்குத் தொந்தரவில்லாமல், ஆனால் உங்கள் காதுக்குக் கேட்கும்படி, உதடு அசைய வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் மனம் ரிப்போர்ட்டுக்கே திரும்பிவிடும். நாவும் காதும் சேர்ந்தால் கொஞ்சம் கட்டுப்படும். எந்த வரியில் தொண்டை அடைக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த வரியில் உங்கள் சொந்த நிலையைச் சேர்த்துச் சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அதை வாசித்துவிட்டு, "ஆண்டவரே, அப்பாவை உள்ளே கொண்டுபோய் ஆறு மணிநேரம் ஆகிறது, எதுவரைக்கும்?" என்று கேட்கலாம். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அஞ்ச வேண்டாம். தேவனே அனுமதித்துத் தம் புத்தகத்தில் எழுதி வைத்த கேள்வி அது.

எதை எப்போது வாசிப்பது என்பதற்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். செய்தி இடியாக வந்த முதல் மணிநேரத்துக்கு 46-ஆம் சங்கீதம் தகும்: "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்." பூமி நிலைமாறுவதைப் பற்றிப் பேசுவதால், காலடியில் தரை நழுவியதுபோன்ற அந்த நேரத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது. நோயாளியின் அருகில் உட்கார்ந்து வாசிக்க 23. காத்திருப்பு நீளும்போது 27. "கர்த்தருக்குக் காத்திரு" என்று அது முடிகிறது. உங்களோடு நீங்களே பேச வேண்டிய நேரத்துக்கு 42, அங்கே பாடகன், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று தன்னைத்தானே கேட்கிறான். பயம் உங்களிடம் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காமல், நீங்கள் உங்கள் ஆத்துமாவிடம் பேசத் தொடங்குவது ஒரு பெரிய திருப்பம். எந்த ஆறுதலும் எடுபடாத நாளுக்கு 88 இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் எங்காவது ஒரு வெளிச்சம் வந்துவிடும்; இது கடைசி வரிவரை இருளிலேயே நிற்கிறது. ஆனாலும் அது "கர்த்தாவே" என்று அவரைப் பார்த்துத்தான் பேசுகிறது. அந்த நாளில் அவ்வளவே போதும்.

நம் வீடுகளில் 91-ஆம் சங்கீதத்தைப் பெரிதும் நேசிக்கிறோம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதை வாசியுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் மந்திரமாக மாற்றிவிடாதீர்கள். சோதனைக்காரன் இயேசுவை ஆலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதிக்கும்படி சொல்ல எடுத்துக்காட்டியது இந்தச் சங்கீதத்தின் வசனங்களையேதான் என்பதை மத்தேயு 4-இல் காணலாம். வாக்குத்தத்தத்தை வைத்துத் தேவனைச் சோதிக்கும் ஆசை பயத்தில் இருப்பவருக்கு எளிதில் வரும். வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனம் அனுகூலமாக இருந்தால் துள்ளுவதும், இல்லையென்றால் இன்னொன்றை எடுப்பதும் இதைச் சேர்ந்தவையே; புதியவர்கள் இந்தப் பழக்கத்துக்குள் போகாமலிருப்பது நல்லது.

சில நேரங்களில் ஒரு சங்கீதம்கூட நீளமாகத் தோன்றும். அப்போது ஒரே வரி போதும். நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் இயேசுவிடம் கண்ணீரோடு, தான் விசுவாசிப்பதாகவும் தன் அவிசுவாசம் நீங்க உதவ வேண்டும் என்றும் ஒரே மூச்சில் கேட்டான் என்று மாற்கு 9:24 சொல்கிறது. அவன் அரைகுறையாக நம்பினான். அவனுடைய மகன் குணமானான். யோசபாத் அரசனின் ஜெபமும் இப்படிப்பட்டதே: "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை; ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது." லிஃப்ட் மேலே போகும் நேரத்துக்குள் இதைச் சொல்லி முடித்துவிடலாம். நான் அப்படித்தான் சொன்னேன், ஒரு நாளில் பலமுறை.

ஒரு நாளுக்கு ஓர் ஓமர்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்னும் உணவு கொடுக்கப்பட்டபோது தலைக்கு ஓர் ஓமர் அளவு என்று சொல்லப்பட்டது. நாளைக்கும் இருக்கட்டும் என்று சிலர் எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. பயமும் இப்படித்தான் நாளைய பங்கை இன்றைக்கே சேர்த்து வைக்கச் சொல்கிறது. சேர்த்து வைத்ததும் கெட்டுப்போகிறது. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னதில், நாளுக்கு ஒரு பாடு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஆகவே காலையில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று இரவுக்குள் நான் செய்ய வேண்டியது எது? இரத்தம் கொடுக்க இருவரை அழைத்து வருவது, காப்பீட்டுப் படிவத்தை நிரப்புவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர யாரிடமாவது சொல்வது. அவ்வளவுக்கும் பெலன் கேளுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு வரப்போகும் தவணைக்கான பெலனை அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

பற்றுப்போடுவதும் விசுவாசமே

தேவனை நம்புவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று சிலர் நினைக்கிறார்கள். இன்னும் சிலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். இதைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. முன்பு சொன்ன எசேக்கியாவே பின்னர் நோயுற்றுக் கிடந்தபோது, அவனுடைய ஆயுசு நாட்களோடே 15 வருஷம் கூட்டப்படும் என்று ஏசாயா தீர்க்கதரிசியின் வழியாகத் தேவனே வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்த கையோடு அதே ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள், அவன் பிழைத்தான். தேவனுடைய வாக்கு மருந்தைத் தேவையற்றதாக்கவில்லை. நெகேமியாவும் எருசலேமின் அலங்கத்தைக் கட்டியபோது எதிரிகள் மிரட்டியதும் ஜெபித்தான், இரவும் பகலும் காவலும் வைத்தான். ஒரே வசனத்தில் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன.

எனவே மாத்திரையைப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டுப் போடுங்கள். யாருடைய பேச்சைக் கேட்டும், எவ்வளவு பெரிய ஊழியர் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். அச்சமே நோயாகிவிடுவதும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலையெடுத்தால், அதற்கும் மருத்துவரிடம் போவது பற்றுப்போடுவதைப் போன்றதே. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவியைத் தமிழிலேயே பெறலாம்.

யாரை அருகில் வைத்துக்கொள்வது

திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துகொண்டு வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு அந்த நால்வருடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு 2 சொல்கிறது. உங்களால் நடக்க முடியாத நாளில் உங்களைச் சுமக்க நாலு பேர் தேவை. அவர்களை நெருக்கடி வருவதற்கு முன்பே தேடி வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு ஆராதனையோடு நின்றுவிடாமல், வாரநாளில் வீடுகளில் கூடும் ஜெபக்கூட்டத்துக்கும் போகச் சொல்வது இதனால்தான். அங்கேதான் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியவரும்.

உதவி கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். "எங்களுக்காக ஜெபியுங்கள்" என்பதோடு, "வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள், அந்த நேரத்தில் ஜெபியுங்கள்" என்றும், "மதியச் சாப்பாடு ஒருநாள் கொண்டுவர முடியுமா" என்றும் கேட்கலாம்.

வருகிறவர்கள் எல்லோரும் சுமப்பவர்கள் அல்லர். யோபின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் மிகச் சிறந்தது அதுவே. வாயைத் திறந்த பிறகு, நீ என்ன பாவம் செய்தாய் என்று அவனைத் துளைத்தெடுத்தார்கள். முடிவில் தேவன் கோபப்பட்டது அவர்கள்மேல்தான். "எங்கேயோ தவறு நடந்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள்" என்று படுக்கையருகில் நின்று சொல்பவரை மரியாதையாக வெளியே கூட்டிவந்து, ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நோயாளியின் காதில் அது விழ வேண்டாம்.

கேட்டது கிடைக்காதபோது

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி நேர்மையானதாக இராது. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்னும் மூவர் அக்கினிச்சூளையின் முன் நின்று, நேபுகாத்நேச்சார் அரசனிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அடுத்த வார்த்தையிலேயே, அவர் விடுவிக்காமற்போனாலும் உம்முடைய பொற்சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டினான். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. கெத்செமனேயில் இயேசுவே பாத்திரம் நீங்கும்படி கேட்டார். நீங்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து காயமடைந்தார். அதன்பின் 1951-இல் மறையும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கழித்தார். அவர் குணமாக வேண்டும் என்று அத்தனை குழந்தைகளும் ஜெபித்திருப்பார்கள். வலியோடு படுக்கையில் இருந்தபடியே அவர் எழுதிக்கொண்டும் மற்றவரைத் தேற்றிக்கொண்டும் இருந்தார். அந்த 20 ஆண்டுகளைத் தோல்வி என்று அவரை அறிந்த எவரும் சொன்னதில்லை.

ஆகவே குணத்தைக் கேளுங்கள், துணிவாகக் கேளுங்கள், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். அதோடு, "நீர் எங்களோடு இரும்" என்பதையும் கேளுங்கள். இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு சுற்றிப்போகும் வழியால் தவிர்க்கப்படவில்லை. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று சொல்லிக்கொண்டு அதன் நடுவே நடக்கிறான். அதுவரை மேய்ப்பனை "அவர்" என்று சொல்லி வந்தவன், பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் "தேவரீர்" என்று நேராகப் பார்த்துப் பேசத் தொடங்குகிறான் என்பதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

ஓரத்தில் ஒரு தேதி

கடைசியாக ஒரு பழக்கம். பெலிஸ்தரை மடங்கடித்த பிறகு சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி அதற்கு எபெனேசர் என்று பெயரிட்டான். வீட்டு வாசலில் எபெனேசர் இல்லம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறவர்கள் நம்மில் பலர். பயம் நினைவாற்றலைத்தான் முதலில் தாக்குகிறது. சென்ற முறை எப்படிக் கடந்துவந்தோம் என்பதே மறந்துபோகும். அதனால் எழுதி வையுங்கள். தனி நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம், அல்லது உங்கள் வேதாகமத்தின் ஓரத்திலேயே பென்சிலால் தேதியும் ஒரு சொல்லும் எழுதலாம். பேனா வேண்டாம், மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறிவிடும்.

என் தாயாரின் வேதாகமத்தில் 56-ஆம் சங்கீதம் உள்ள பக்கத்தின் ஓரத்தில் இப்படி ஏழெட்டுத் தேதிகள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பக்கத்தில் "பீஸ்" என்று இருக்கிறது. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. இன்னொன்றில் தங்கையின் பெயர். மூன்றாவது வசனத்துக்கு நேராக "அப்பா" என்ற சொல் இரண்டு முறை, இரண்டு தேதிகளோடு எழுதப்பட்டிருக்கிறது. முதலாவது, அறுவைச் சிகிச்சை நடந்த நாள். அப்பா பிழைத்து வீடு திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வருகிற இரண்டாவது தேதி, அவர் எங்களைவிட்டுப் போன நாள். அன்றிரவு வீடு நிறைய ஆட்கள் இருக்க, அம்மா உள்ளறையில் விளக்கருகே உட்கார்ந்து பென்சிலைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒன்றை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.